குளோன் வீரரும் அவர்தம் மூலபுருஷனும்

விஞ்ஞானப் புனைகதைகளைக் குறித்துக் கலாசாலை மலரில் எழுதுவது தகுமோவென்று ஐயுறுவார் சிலர் உளர். அவர்க்கு யாம் கூறுவது ஒன்றே. வேதாளத்தைத் தோளிற் சுமந்து நடந்த விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். பிணத்திற் புகுந்து பேசும் பேயொன்று உண்டென்று நம்மில் எவரும் நம்பியதில்லை. ஆயினும் அப்பேய் கேட்ட வினாக்கள் மெய்யான வினாக்களாயிருந்தன. இக்காலத்து விண்வெளிக் கதைகளும் அத்தகைய வினாக்களை நம்முன் வைக்குமாயின், கதையில் வரும் விந்தைகளைக் காரணமாகக் காட்டி வினாவையும் ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது.

இதனை எழுதத் தூண்டியது விடுதித் தாழ்வாரத்தில் ஒரு மாலை நிகழ்ந்த சிறு வாக்குவாதம். மாணாக்கர் சிலர் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் படவரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். அதில் வரும் இலட்சக்கணக்கான வீரர்கள் ஒரே மனிதனுடைய உடலணுவிலிருந்து உண்டாக்கப்பட்டவர்கள். "தமக்கு உருவளித்தவனைக் கொன்றவனோடு சேர்ந்தே அவர்கள் போர் செய்தார்களே, இஃது என்ன நன்றிகேடு!" என்றார் ஒருவர். "அவன் அவர்களுக்கு என்ன கொடுத்தான், நன்றி பாராட்டுவதற்கு?" என்றார் மற்றொருவர். எம்மை நோக்கி, "ஐயா, தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றும் கேட்டனர். அன்று யாம் ஏதோ சொல்லித் தப்பித்துக்கொண்டோம். தப்பித்துக்கொண்டது மனத்தை உறுத்திற்று. ஆதலின் அவ்விடையை இங்கே எழுதுகின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது. 'குளோன்' என்பது இளங்கொம்பைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லின் வழியாக வந்தது. 1903ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் வெப்பர் என்னும் அமெரிக்கத் தாவரநூல் வல்லார், விதையாலன்றிக் கிளையாலும் கன்றாலும் ஒட்டாலும் பெருகும் பயிர்களுக்கு இப்பெயரை இட்டார். மனிதரைக் குறித்தும் இச்சொல்லை 1963ஆம் ஆண்டில் வழங்கியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன், இங்கிலாந்தினின்று நம் நாட்டிற்கு வந்து குடியேறி, 1964ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் உயிர்நீத்த பேரறிஞர். பொருளோ நமக்குப் புதியதன்று. வாழைக்கு விதையில்லை, தாய்மரத்தின் கிழங்கினின்று பக்கக்கன்று முளைத்து, தாய் குலைதள்ளிச் சாய்ந்தபின் அவ்விடத்தில் நிற்கின்றது. 'வாழையடி வாழை' என்று நாம் வாழ்த்துமிடத்து, நம்மை அறியாமலே குளோனைத்தான் வாழ்த்துகின்றோம். தாய்வாழையென்றும் கன்றென்றும் உழவர் உறவுமுறை வைத்து அழைப்பதும் நோக்கத்தக்கது. அங்கே எவரும் எவரையும் விலைக்கு விற்கவில்லை; ஆதலின் அம்முறை பொருந்துகின்றது.

பிராணிகளுள் யாவரும் அறிந்தது 'டாலி' என்னும் ஆடு. ஸ்காட்லாந்திலுள்ள ராஸ்லின் ஆராய்ச்சிசாலையில் 1996ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பிறந்தது. ஆறுவயதுப் பெண்ணாடொன்றின் மடியிலிருந்து எடுத்த அணுவினால் உண்டாயிற்று. 277 முயற்சிகளில் பிழைத்தது அஃதொன்றே. அதன் மூலமாகிய பெண்ணாடு டாலி பிறக்குமுன்னரே இறந்துபோயிற்று. அணுக்கள் மட்டும் குளிர்ப்பெட்டியில் இருந்தன. மனிதரை இவ்வாறு ஆக்கினாரென்பதற்கு நம்பத்தக்க சான்று ஒன்றுமில்லை. ஆகவே மனிதக் குளோன் தன் மூலபுருஷனை எவ்வாறு நோக்குவான் என்பதைப் புனைகதையாளரிடமே கேட்டறிய வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

இனி அக்கதைக்கு வருவோம். ஜார்ஜ் லூக்கஸ் என்பார் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குளோன்களின் தாக்குதல்' என்னும் படத்தில், கமினோ என்றொரு கோளம் வருகின்றது. இடையறாது மழைபெய்யும் கடற்கோளம். அங்குள்ளார் வீரரை வார்த்தெடுக்கும் தொழிலினர். குடியரசுக்காகப் பத்தாண்டுகளுக்கு முன்னர் ஒருவர் சொல்லிவைத்தபடி இருநூறாயிரம் வீரர் ஆயத்தமாயிருக்கின்றனரென்றும், மேலும் பத்து இலட்சம் பேர் வந்துகொண்டிருக்கின்றனரென்றும் அந்நாட்டு முதலமைச்சர் லாமா சூ, ஒரு மில் முதலாளி மூட்டைக்கணக்குச் சொல்வதுபோலச் சொல்கின்றார். இவ்வீரர் யாவர்க்கும் மூலபுருஷன் ஜாங்கோ ஃபெட் என்னும் கூலிவேட்டையாளி. இவர்கள் விரைவில் வளரவும், மூலபுருஷனைப்போலத் தன்னிச்சையுடையராகாது ஏவியது செய்யவும் வேண்டி, அணுவிலேயே மாறுதல் செய்யப்பட்டிருக்கின்றது. சாதாரண மனிதன் இருபதாண்டில் எய்தும் வளர்ச்சியைப் பத்தாண்டில் எய்துவர். முதுமையும் அவ்வாறே விரைந்து வரும்.

ஜாங்கோவுக்குப் பெருந்தொகை கூலி. அதனோடு அவன் கேட்டது மற்றொன்று: யாதொரு மாறுதலும் செய்யாத குளோன் ஒன்று, தனக்காக. அக்குழந்தைக்குப் போபா என்று பெயரிட்டுத் தன் மகனாக வளர்க்கின்றான்.

இங்கே ஒரு சிறு காட்சி உண்டு. படம் பார்ப்போர் பெரும்பாலும் அதனைக் கடந்துபோய்விடுவர். ஓபி-வான் என்னும் ஜெடை வீரர் ஜாங்கோவைக் கண்டு, "உம்முடைய குளோன்கள் மிகச் சிறந்தவர்கள், உமக்குப் பெருமையாயிருக்கும்" என்னும் கருத்துப்படப் பேசுகின்றார். எந்தத் தகப்பனிடத்தும் ஊரார் சொல்லும் உபசார வார்த்தை அது. ஜாங்கோ அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தான் பிழைப்புக்கு வழிதேடும் எளிய மனிதனென்கின்றான். அவர்கள் தம் வேலையைச் செவ்வனே செய்வார்கள், அதற்குத் தான் உத்தரவாதம் என்றும் வேறோரிடத்திற் கூறுகின்றான். சரக்கு விற்றவன் சரக்கிற்குக் கொடுக்கும் உறுதி இது. அவ்வேளையில் அவன் மகன் போபா அதே அறையில் நிற்கின்றான் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

இவனை ஆங்கிலத்தில் 'கொடையாளி' என்று பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். எமக்கு அச்சொல்லின்மேல் வழக்குண்டு. தமிழிற் கொடையென்பது கைம்மாறு கருதாதது. முல்லைக்குத் தேரீந்த பாரியைக் கொடையாளி என்போம். ஜாங்கோ செய்தது விற்பனை. யோசேப்பின் சகோதரர் இருபது வெள்ளிக்காசுக்கு அவனை விற்றபோதாவது, விற்கப்படுகிறவன் முகம் அவர்கள் கண்முன் இருந்தது. ஜாங்கோ விற்றதும் தன் முகத்தையேதான். ஆயினும் வாங்கப்பட்டோர் அப்போது பிறந்திருக்கவில்லை.

விலைபெற்றுப் பிறப்பித்தவன் தந்தையாவானோ என்னும் வினாவை, யாம் தொடக்கத்திற் கூறிய வேதாளமே ஒருகால் விக்கிரமாதித்தனைக் கேட்டிருக்கின்றது. கழுவேறப்போகும் கள்வன் ஒருவன், தனக்குப் பிண்டமிட மகனில்லையே என்று வருந்தி, தன் பொருளையெல்லாம் கொடுத்து ஒரு பெண்ணை மணந்து, வேறொருவனால் அவள் பெறும் பிள்ளை தன் பிள்ளையாகுக என்று உடன்படிக்கை செய்து மாள்கின்றான். அவளோ ஓர் அந்தணனுக்குப் பொன் கொடுத்து அவனாற் கருவுறுகின்றாள். பிறந்த குழந்தை பொன்னோடு அரண்மனை வாயிலில் விடப்பட, அரசன் எடுத்து வளர்க்கின்றான். அக்குழந்தை வளர்ந்து முடிசூடிக் கயையிற் பிண்டமிடச் சென்றபோது, அதனை ஏற்க மூன்று கைகள் நீண்டன. எந்தக் கையில் இடுவது? கள்வன் கையில் என்பது விக்கிரமாதித்தன் தீர்ப்பு. அந்தணன் தன்னை விலைக்கு விற்றவன்; அரசன் குழந்தையோடு பொன்னையும் பெற்றுக்கொண்டவன்; ஆதலின் இருவர்க்கும் உரிமையில்லை.

இத்தீர்ப்பைக் கமினோவிற் செலுத்திப் பார்ப்போமாயின், ஜாங்கோ கூலிபெற்றான்; அவன் நீங்கினான். வளர்த்த கமினோ நாட்டாரும் கூலிபெற்றனர், அவரும் நீங்கினர். எஞ்சி நிற்பது விலைகொடுத்து வாங்கிய குடியரசு. அங்ஙனமாயின் குடியரசே தந்தையோ? விலைகொடுத்தவனே தந்தையென்றால் அடிமை வாணிகனும் தந்தையாகிவிடுவான். கள்வனுக்கும் குடியரசுக்கும் உள்ள வேற்றுமையை விக்கிரமாதித்தன் விளக்கவில்லை. அவனுக்கு அத்தேவை நேரவில்லை. கள்வன் ஒரு மகனை வேண்டினான். குடியரசு வேண்டியது மகனையன்று, படையை. ஜாங்கோவும் ஒருவனையே மகனாக வேண்டினான்; மற்றையோர் அவனுக்குச் சம்பளச் சீட்டு. எனவே தந்தையென்னும் பெயர் அணுவினாலும் வருவதன்று, பணத்தினாலும் வருவதன்று. ஒரு பிள்ளையைப் பிள்ளையாகவே வேண்டி ஏற்றுக்கொள்ளுதலினால் வருவது என்பது எம் கருத்து. நல்ல கதையாசிரியர், தாம் இதனை வெளிப்படச் சொன்னாலும் சொல்லாவிடினும், குளோன் வீரரின் நெஞ்சை இவ்வாறே அமைத்திருக்கின்றனர்.

மாணாக்கர் 'நன்றிகேடு' என்ற காட்சியை இப்போது பார்ப்போம். ஜியோனோசிஸ் என்னுமிடத்துப் போர்க்களரியில் மேஸ் விண்டு என்னும் ஜெடை வீரர் ஜாங்கோவின் தலையைத் துணித்துவிடுகின்றார். சிறிது நேரத்திற்கெல்லாம் வான்கலங்கள் இறங்குகின்றன. உள்ளிருந்து குதிப்போர் குளோன் வீரர். அவர்களுக்கு அதுவே முதற்போர். தம் மூலபுருஷன் உடல் கிடக்கும் அதே மணலில், அவன் முகத்தையே தம் தலைக்கவசத்தின்கீழ் வைத்துக்கொண்டு, அவனைக் கொன்றவர் பக்கத்தில் நின்று சுடுகின்றனர். அக்கவசத்தின் கண்வெட்டுங்கூட ஜாங்கோவின் கவசத்தைப் பார்த்துச் செய்ததுபோல் இருக்கின்றது. ஒருவனாவது குனிந்து பார்க்கவில்லை. போர் வேறிடம் சென்றபின் ஒரு சிறுவன் வந்து, வெறுமையான தலைக்கவசத்தைக் கையிலெடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்கின்றான். அவன் போபா.

ஒரே அணு, ஒரே முகம், ஒரே குரல். ஒருவன் அழுகின்றான், மற்றையோர் அறியவுமில்லை. இதனை நன்றிகேடென்பது பிழை. அவர்களுக்கு அங்கே கிடந்தது தந்தையின் உடலன்று. பகைவர் பக்கத்துப் போரிட்ட அந்நியன் ஒருவன் உடல். அவன் அந்நியனாயிருந்தது அவர்கள் குற்றமோ?

ஏவியது செய்யவே ஆக்கப்பட்டவர்க்கு மூலபுருஷனைப் பற்றி யாதொரு எண்ணமும் தோன்றாதென்றும், அன்பும் வெறுப்பும் அவர்பால் தேடுதல் வீணென்றும் கூறுவாரும் உளர். படத்தை மட்டும் கண்டோர்க்கு அங்ஙனம் தோன்றுதல் இயல்பே. 2008 முதல் 2020 வரை வெளிவந்த 'குளோன் போர்கள்' என்னும் சித்திரத் தொடர் அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிடுகின்றது. அவ்வீரர்க்கு இட்டவை எண்களே. அவர்களோ எண்ணை விட்டுப் பெயர் வைத்துக்கொள்கின்றனர். சிடி-7567 என்பவன் ரெக்ஸ் ஆகின்றான். மயிரைப் பலவாறு வெட்டிக்கொள்கின்றனர், முகத்தில் பச்சைகுத்திக்கொள்கின்றனர், கவசத்தில் வண்ணம் தீட்டுகின்றனர். ஒருவரையொருவர் 'சகோதரன்' என்றே அழைக்கின்றனர். உறுப்புக் குறையோடு பிறந்தமையால் போருக்கு உதவாதென்று தள்ளப்பட்டு, கமினோவிலே துப்புரவு வேலையில் விடப்பட்ட ஒருவனுக்கு 99 என்னும் எண்ணே பெயராய் நிலைத்துவிட்டது; கமினோ தாக்கப்பட்ட நாளில் சகோதரர்க்கு வெடிகுண்டு எடுத்துவர ஓடி அவன் மாள, மற்றையோர் அவனைப் போர்வீரனென்றே மதிக்கின்றனர். அன்று அவர்கள் கமினோவை 'எங்கள் வீடு' என்கின்றனர். பண்டசாலையை வீடென்று சொல்லுமளவுக்கு அவர் நெஞ்சில் அன்பு இருந்தது. ரெக்ஸ் காயமுற்று ஒருகால் தங்கிய உழவன் வீட்டில், படையைவிட்டு ஓடி மனைவி மக்களோடு வாழும் கட் என்னும் குளோன் ஒருவனைக் காண்கின்றான். தன் முகமே மற்றொரு வீட்டில் தகப்பன் முகமாயிருப்பதைக் காணும் அக்காட்சி யாம் பலகாலும் நினைப்பது.

சகோதரர் உண்டு, வீடு உண்டு, பிள்ளைகளுங்கூட உண்டு. தந்தை மட்டும் இல்லை. அன்பில்லாமையால் நேர்ந்த குறையாயின் மற்றவையும் இல்லாதிருக்க வேண்டும். ஆகவே ஜாங்கோவைப் பற்றி அவர்கள் பேசாதிருப்பது உணர்ச்சியின்மையன்று. தந்தையின் ஆசனத்தில் எவரும் அமரவில்லை. அவர்களும் அங்கே எவரையும் வலிந்து அமர்த்தவில்லை.

அதே தொடரில் 2010ஆம் ஆண்டு வந்த ஒரு பகுதி எம் கருத்துக்கு மறுதலையையும் காட்டுகின்றது. தந்தையைக் கொன்ற விண்டுவைப் பழிவாங்கப் போபா புறப்படுகின்றான். குளோன் சிறுவர் பலர் ஒரு போர்க்கலத்தைப் பார்வையிட வரும்போது, அவர்களுள் ஒருவனாகக் கலந்துவிடுகின்றான். மறைந்துகொள்ள அவனுக்கு மாறுவேடம் வேண்டியதில்லை, முகமே வேடம். வழியில் எதிர்ப்பட்ட குளோன் வீரன் ஒருவன், நாம் சகோதரரன்றோ, சுடாதே என்று கெஞ்ச, நீ என் சகோதரனல்லன் என்று சொல்லிப் போபா அவனை மயக்கக்கதிரால் வீழ்த்துகின்றான். தந்தையை உடையவன் சகோதரரை மறுக்கின்றான். சகோதரரை உடையவர் தந்தையை அறியார். ஜாங்கோ அன்று கேட்டுக்கொண்ட ஒரே ஒரு சலுகை, ஒரே முகத்தாரை இவ்வாறு இரண்டாகப் பிளந்துவிட்டது. இறுதியிற் பிடிபட்ட போபா, தான் செய்தவற்றுட் சில தவறென உணர்ந்தும், விண்டுவை மன்னிக்க மாட்டேனென்கின்றான். அவனுடைய துயரம் மெய்யானதே. ஆயினும் அவன் தந்தையின் கூலிக்காகப் பிறந்து எங்கெங்கோ மடிந்த மற்றையோர்க்காக அவன் ஒரு சொல்லும் சொல்லக் காணோம்.

காலம் அவனுக்கும் வட்டியோடு திருப்பித் தந்தது. 2020ஆம் ஆண்டில் வந்த 'மாண்டலோரியன்' தொடரில், முதுமையெய்திய போபா தான் அணிந்த கவசம் தன் தந்தையுடையதென்கின்றான். எதிரே நின்ற அரசகுலப் பெண்ணொருத்தி, தந்தையையோ அணுவீந்தவனையோ சொல்கின்றாயென்று ஏளனமாய்க் கேட்டு, இந்தக் குரலை ஆயிரம்முறை கேட்டிருக்கின்றேனென்றும் சொல்கின்றாள். இதைவிடக் கொடிய சொல் அவனுக்கு இருத்தல் கூடுமென்று யாம் நினைக்கவில்லை. ஜாங்கோ அவனைப் பெயரிட்டு, உடனிருத்தி, தொழில் பழக்கியவன். அவளோ அணுக்கணக்கு ஒன்றையே பார்த்தாள். ஒருவன் தன் தந்தையைத் தந்தையென்று சொல்ல மற்றவர் அனுமதி வேண்டுமோ?

தந்தையின் ஆசனம் வெறுமையாயிருக்குமிடத்து வேறொருவர் வந்து அமர்தல் கூடும் என்பதற்குக் கரன் டிராவிஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியை 2004 முதல் எழுதிய குடியரசுக் கமாண்டோ நாவல்கள் சான்று. முதலில் வார்க்கப்பட்ட குளோன் சிறுவர் அறுவர் அடங்காதவரென்று கமினோ நாட்டார் அவர்களை அழித்துவிட நினைக்கின்றனர். படைப்பயிற்சிக்கென்று ஜாங்கோவே அழைத்துவந்த கால் ஸ்கிராட்டா என்னும் கிழக்கூலிவீரன் குறுக்கே நின்று அவர்களைக் காத்து, தன் மக்களாகவே ஏற்றுக்கொள்கின்றான். அவன் குலத்தாரின் வழக்கப்படி, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஏற்கும் ஒரு வாக்கியமே சடங்கு முழுதும். நம் வேதாகமத் தமிழில் இதற்குப் 'புத்திர சுவிகாரம்' என்னும் அழகிய பெயருண்டு. அவ்வறுவரும் அவனைத் தந்தையென்றே அழைக்கின்றனர். ஜாங்கோவுக்கு அப்பெயர் கிட்டவில்லை. (இந்நாவல்கள் கதையின் பிரமாண வரலாற்றைச் சேர்ந்தவையல்லவென்று 2014ஆம் ஆண்டில் உரிமையாளர் அறிவித்துவிட்டனர். தள்ளுபடி ஆகமங்களைப் படிப்பதுபோல இவற்றையும் பயன்கருதிப் படிக்கலாம்.)

லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்ட் என்பார் 1989, 1994ஆம் ஆண்டுகளில் எழுதிய இரு நாவல்களில் வரும் மார்க் படைவீரனல்லன், கொலைக்கருவியாக ஆக்கப்பட்டவன். மைல்ஸ் என்னும் பிரபு மகனைப்போல அவனை வளர்த்து, மைல்ஸின் இடத்திற் புகுத்தி, அவன் தந்தையைக் கொல்வதே பகைவர் சூழ்ச்சி. மைல்ஸ் கருவிலிருக்கையில் நச்சுக்காற்றினால் எலும்பு நொய்தாகிக் குறளனானவன்; அக்கேடு அணுவில் இல்லாமையால் குளோன் நேராக வளரத் தொடங்கினான். ஒப்புமை வேண்டி அவன் உடலை அறுத்தும் ஒடித்தும் கோணலாக்கினர். இத்தகையவன் தன் மூலபுருஷனை எவ்வளவு வெறுத்திருக்க வேண்டும்! ஆயினும் மைல்ஸ் அவனை நேரிற் கண்டபோது முதலிற் செய்தது, உனக்கொரு பெயருண்டு என்று சொன்னது. இரண்டாம் மகனுக்குப் பாட்டன்மாரின் இரண்டாம் பெயர்களைச் சூட்டுவது அந்நாட்டு வழக்கமாம். அதன்படி மார்க் பியர் என்பது அவன் பிறந்த நாளிலிருந்தே அவனுக்குரிய பெயர். பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் 'பெயரன்' என்றழைத்த நம் முன்னோர்க்கு இக்காட்சி எளிதில் விளங்கும். கொல்ல வந்தவன் தம்பியாகத் திரும்பிச் செல்கின்றான். உடனே அல்ல, பல இடர்களுக்குப் பின்னர்.

வெறுப்பே முற்றியதற்கும் ஓர் உதாரணம் சொல்லிச் செல்வோம். 1998ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய ஹிடியோ கோஜிமா இயற்றிய 'மெட்டல் கியர் சாலிட்' என்னும் கணிப்பொறி விளையாட்டில், பிக் பாஸ் என்னும் மாவீரனுடைய அணுவினால் ஆக்கப்பட்ட இருவர் வருகின்றனர். (நம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் இவனுக்கும் யாதொரு தொடர்புமில்லை.) அவருள் லிக்விட் ஸ்நேக் என்பவன், நல்ல அணுக்கூறுகளெல்லாம் உடன்பிறந்தானுக்குப் போய்த் தாழ்ந்தவை தனக்கு வந்தனவென்று நம்பி, மூலபுருஷனையும் சகோதரனையும் ஒருங்கே வெறுக்கின்றான், அப்படியிருந்தும் அம்மூலபுருஷனுடைய எச்சங்களைத் தன்னிடம் ஒப்புவிக்க வேண்டுமென்று அரசாங்கத்தை மிரட்டுகின்றான்! கதையின் முடிவில், உண்மை அவன் நம்பியதற்கு மாறானதென்று தெரிகின்றது. உயிர்நூல் கற்கும் மாணாக்கர், ஒரே அணுவின் முழுப்பிரதிகளிடையே ஓங்கியவை ஒருவனுக்கும் ஒடுங்கியவை மற்றவனுக்கும் பங்கிட இயலாதென்று இங்கே நகைப்பர். நகைக்கலாம். ஆயினும் பரம்பரைச் சொத்திற் பங்கு குறைந்ததென்று பொய்யாகவே நம்பி வாழ்நாளெல்லாம் அண்ணன்மேற் பகைகொண்டோரை நம் ஊர்களிலும் கண்டிருக்கின்றோம்.

இவையெல்லாம் கதைதானே என்பார்க்கு ஒன்று. முன்பின் அறியாத ஒருவருடைய வித்தணுவைப் பெற்றுப் பிறந்த பிள்ளைகள் இன்று உலகெங்கும் உளர். அவர்கள் வளர்ந்து, எம்மை உண்டாக்கியவர் யார் என்று கேட்கின்றனர். ஸ்வீடன் தேசம் 1985ஆம் ஆண்டிலேயே அதனை அறியும் உரிமையை அவர்களுக்குச் சட்டத்தால் அளித்தது. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்குப்பின் அணுவளித்தோர், பிள்ளை பதினெட்டு வயதெய்தியபின் தம் பெயரை மறைக்க இயலாது. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், அணுவளித்தவர் பிள்ளையின்மேல் தமக்குள்ள பெற்றோர் உரிமையனைத்தையும் துறந்துவிட வேண்டுமென்கின்றது. துறப்பு அளித்தவரைக் கட்டுப்படுத்தும். பிள்ளையின் வினாவை அது அடக்கிவிடாது. அறிதற்கு அப்பிள்ளைக்கு முழு உரிமையுண்டென்பது எம் அபிப்பிராயம். அறிந்தபின் அம்மனிதரைத் தந்தையென்றழைத்து வணங்கும் கடன் அதற்கு இல்லையென்பதும் எம் அபிப்பிராயமே. வளர்த்தோர் இதுகேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ரெக்ஸும் அவன் தோழரும் ஜாங்கோவின் கதையை முழுதும் கேட்டிருந்தாலும், அன்றிரவு சகோதரரோடு அமர்ந்தே உணவு உண்டிருப்பர்.

நிற்க. இக்கதையாசிரியர்மேல் எமக்கொரு குறையுண்டு. குளோன் வீரன் ஒருவன் அமர்ந்து, எனக்கு முகம் ஈந்தவன் எத்தகையவன் என்று நிதானமாகக் கேட்கும் காட்சியை யாம் கண்ட படங்களிலும் தொடர்களிலும் எவரும் அமைக்கவில்லை. அதற்கு ஏற்ற பாத்திரம் கையிலேயே இருக்கின்றது. 2021 முதல் 2024 வரை வந்த 'பேட் பேட்ச்' என்னும் தொடரில் ஒமேகா என்னும் சிறுமி வருகின்றாள். ஜாங்கோவின் அணுவினின்று யாதொரு வளர்ச்சி மாறுதலுமின்றிப் பிறந்த பெண்குளோன் அவள். போபாவுக்கு முதலில் இட்ட குறிப்பெயர் ஆல்பா, இவளுக்கு ஒமேகா. முதலும் கடைசியும் என்று வெளிப்படுத்தின விசேஷம் படித்தோர் உடனே உணர்வர். அவன் தந்தையோடு வளர்ந்தான். அவள் ஆராய்ச்சிசாலையில் வேலைக்காரியாய் வளர்ந்து, பின்னர்ப் படைவீரச் சகோதரர் சிலரோடு கலமேறிப் போனாள். ஜாங்கோவைக் கண்டறியாதவள், ஆனால் அவனைக் கண்டறிந்தவன் ஒருவன் இன்னும் உயிரோடிருக்கின்றான்.

அவ்விருவரையும் ஒரு மேசையின் இருபுறத்தில் அமரவைத்து எவரேனும் எழுதுவராயின், யாம் அதனை ஆவலோடு படிப்போம். பகையும் பழியும் அங்கே வேண்டா. அவன் எப்படிச் சிரிப்பான், மழை பெய்யும்போது சன்னலருகே நிற்பானா, உன்னை என்ன சொல்லி அழைப்பான் என்று அவள் ஒவ்வொன்றாய்க் கேட்க, போபா விடைசொல்லிக்கொண்டே வருவான். நாங்கள் இத்தனை பேர் இருப்பதைப் பற்றி அவன் என்றாவது உன்னிடம் பேசினானா என்று அவள் கடைசியிற் கேட்பாளாயின், அவன் என்ன சொல்வானென்பதை எம்மால் ஊகிக்க இயலவில்லை.